ஐந்து லிட்டர் டேங்கில் ஆறு லிட்டர்

பொதட்டூர்பேட்டையில் லுங்கி எடுத்து வந்து திருத்தணிக் கடைகளுக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. ஸ்கூட்டரை நான் ஓட்ட, பின்னால் மூட்டையை அணைத்துக்கொண்டு என் நாத்தனார் உட்கார்ந்து வருவார். என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலை, திருத்தணிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வண்டி இருமிவிட்டு நின்றுபோனது. சாய்த்துப் பார்த்தோம், ஆட்டிப் பார்த்தோம். டேங்கில் ஒரு சொட்டு இல்லை. இருவருமாகத் தள்ளிக்கொண்டு, வழக்கமாகப் பெட்ரோல் போடும் பங்க்குக்குப் போய்ச் சேர்ந்தோம். எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவேன். திருவிழாக் கூட்டத்தில் மறுபடியும் தள்ள முடியாது என்று, அன்றைக்கு மட்டும் "ஃபுல் பண்ணுங்க" என்றேன்.

சீருடை அணிந்த ஓர் இளம்பெண் பெட்ரோல் போட்டாள். "ஜீரோ பாத்துக்கங்கக்கா" என்றாள். பார்த்தேன். எண்கள் ஓட ஆரம்பித்தன. அண்ணி என் இடுப்பில் கிள்ளினார்.

"ஏய், உன் டேங்கு எவ்ளோ புடிக்கும்?"

"அஞ்சு லிட்டரு, அண்ணி."

"அப்போ அது இன்னா ஆறத் தாண்டிப் போய்கினே கீது?"

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று சூடேறியது. ஐந்து லிட்டர் பிடிக்கிற டேங்கில் ஆறு லிட்டருக்கு மேல் எப்படிப் போகும்? இத்தனை நாள் மைலேஜ் குறைகிறது என்று மெக்கானிக் பாயிடம் போய்ச் சண்டை போட்டேனே! "இன்ஜின்ல ஒரு கொறையும் இல்லம்மா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். பங்க் மேனேஜர் வெளியே வந்தார். "கழுத்து வரிக்கும் புடிச்சா கொஞ்சம் கூடத்தாம்மா ஏறும்."

"கொஞ்சம்னா? ஒரு லிட்டருக்கு மேலயா ஏறும்?" என்றேன்.

காற்றடிக்கும் இடத்துக்கு மேலே வெயிலில் வெளுத்துப்போன ஒரு பலகை இருந்தது. வாடிக்கையாளர் சந்தேகப்பட்டுக் கேட்டால் ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எத்தனையோ முறை அதன் அடியில் நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அன்றைக்குச் சத்தமாகவே படித்தேன்.

"கேன் உள்ள கீதும்மா. ரூம் சாவி ஓனர்கிட்ட. திருவிழா முடிஞ்சி வாங்க."

அண்ணி ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வண்டியை மெஷினுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார். "கேன் வந்தா வண்டி நகரும்" என்று சொல்லிவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் மஞ்சள் துணி கட்டிய காவடிக்காரர்களின் வேன்கள், கார்கள், பைக்குகள் எல்லாம் ஹாரன் அடிக்கத் தொடங்கின. எங்களுக்கு அடுத்து நின்றது ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து வந்த ஓர் ஆட்டோ. திட்டப் போகிறார் என்று பயந்தேன். ஓட்டுநர் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "கேன எடுத்துனு வாய்யா. எங்களுக்கும் தெரியணும்ல?" என்றார். ஹாரன் சத்தம் அடங்கியது. ஆட்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

ஓனரிடம் இருந்த சாவி எப்படியோ வந்து சேர்ந்தது. கூம்பு வடிவத்தில், கழுத்தில் கோடு போட்ட ஸ்டீல் கேன். அந்தப் பெண் பிடித்தாள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். மெஷின் ஐந்து என்று காட்டியபோது பெட்ரோல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அச்சு அசல் சரி.

"பாத்தியாம்மா? திருவிழா நேரத்துல வந்து கலாட்டா பண்ணிகினு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணியிடம் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வண்டியை நகர்த்தினேன். அண்ணி மட்டும் மேனேஜர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"கேன்ல புடிக்கறப்போ பேண்ட் பாக்கெட்ல கைய வுட்டான். மெஷின்ல நம்பர் டப்புனு ஒரு தபா அணைஞ்சி எரிஞ்சுது. இப்போ உள்ள போறப்பவும் கைய வுட்டான், திரும்பவும் அணைஞ்சி எரிஞ்சுது. அதுல இன்னாமோ கீது" என்றார் காதோடு.

ஓடினேன். ஆட்டோ அப்போதுதான் மெஷினிடம் வந்திருந்தது. "அண்ணா, உங்களுக்குப் போடறத மொதல்ல அந்தக் கேன்ல புடிக்கச் சொல்றீங்களா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அஞ்சு லிட்டரு. கேன்லயே புடிம்மா" என்றார்.

அந்தப் பெண் ஆபீஸ் ரூமைப் பார்த்தாள். மேனேஜர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு மூச்சு இழுத்துவிட்டு, கேனைத் தானே எடுத்து வைத்துப் பிடிக்கத் தொடங்கினாள்.

மெஷினில் ஐந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் கோட்டைத் தொடுவதா, கேனின் கழுத்துக்குக்கூட ஏறவில்லை!

"கொறையுது! கொறையுது!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்து கேனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். காவடிக்காரர் ஒருவர் "அரோகரா!" என்று குரல் கொடுக்க, பங்க்கே அதிர்ந்தது. மேனேஜர் ஓடி வந்தார். அவர் கை பாக்கெட்டுக்குப் போன அதே நொடி ஆட்டோக்காரர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "மள்ளி பட்டு! திரும்பப் புடிங்கம்மா, இவரு கை இங்கயே இருக்கட்டும்!"

திரும்பப் பிடித்தோம். திரும்பவும் குறைந்தது. அவருடைய பாக்கெட்டிலிருந்து கார் சாவியோடு வருகிற மாதிரி ஒரு சின்ன ரிமோட் வெளியே வந்தது. அதை அமுக்கித்தான் மெஷினைச் சரியாகவும் குறைவாகவும் ஊற்ற வைத்திருக்கிறார்.

பலகையிலேயே இருந்த புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். மத்தியானம் எடையளவு ஆய்வாளர் வந்தார். அதுவரை பாதிப் பேர் மலைக்கே போகவில்லை. மெஷினைத் திறந்தால், உள்ளே இருக்கக் கூடாத ஒரு சின்ன சர்க்யூட் தனியாக ஒயர் போட்டு மாட்டியிருந்தது. அவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டியபோது, நான் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அத்தனை பேர் முன்னால், வயது வந்த இரண்டு பொம்பளைகள்!

பங்க்குக்கு அன்றே சீல் வைத்தார்கள். ஓனர்மேலும் மேனேஜர்மேலும் வழக்குப் போட்டார்கள். பெட்ரோல் போட்ட அந்தப் பெண் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஆய்வாளரிடம் சொன்னாள். அவள் வேலை போகத்தான் செய்தது. அண்ணி சும்மா விடவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி, அரக்கோணம் ரோட்டில் வேறொரு பங்க்கில் அவளைச் சேர்த்துவிட்டார்.

விஷயம் பரவிப்போய், பக்கத்து ஊரான பள்ளிப்பட்டின் கடைக்காரர்கள் எங்களை அவர்கள் ஊர் பங்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேன் கேட்டதும் ஓனரே சிரித்துக்கொண்டு எடுத்து வந்தார். பிடித்துப் பார்த்தோம், கோட்டில் சரியாக நின்றது. அண்ணி விடாமல் மூன்று மெஷினிலும் பிடிக்கச் சொன்னார். மூன்றிலும் சரியாக இருந்தது. ஓனர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணி டீயை ஊதிக்கொண்டே, "அடுத்து ஆர்.கே.பேட்டை பங்க்குக்கு எப்போ போறோம்?" என்றார்.