பெரியநாயகத்தின் மூக்கு

ஈப்போவில் சிலிபின் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சமையல்காரர் பெரியநாயகம் குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்கிற ஆளில்லை. சட்டிக்கு மேலே ஒருதரம் குனிவார், அவ்வளவுதான். உப்பு போதாது, சோம்பு தூக்கல், கறி இன்னும் வேகவேண்டும், எல்லாம் மூக்குக்கே தெரிந்துவிடும். ரப்பர் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறி வேலை போனதும் ஈப்போவுக்கு வந்து, மங்குத் தட்டு கழுவி, வெங்காயம் உரித்து, மெல்ல அடுப்பைப் பிடித்த மனிதர். படிப்பு கைகொடுக்கவில்லை. மூக்கு கைகொடுத்தது.

அந்த மூக்குதான் ஒரு காய்ச்சலில் படுத்துக்கொண்டது. காய்ச்சல் போய்விட்டது, வாசம் மட்டும் திரும்பவில்லை. வெளியே சொல்வாரா? மூச்! காய்கறி நறுக்கும் குமுதாவை ருசி பார்க்கச் சொல்லியே சில வாரம் ஓட்டினார். ஒருநாள் ஆட்டுக்கறி அடிபிடித்து, கருகல் வாடை சாப்பிடுகிறவர்கள்வரை போய்விட்டது. இவரோ அதே சட்டியை நிம்மதியாகக் கிளறிக்கொண்டிருந்தார். முதலாளி பழனியப்பன் கத்தவில்லை. வீட்டில் ஓய்வெடுங்கள், மூக்கு சரியானதும் வாருங்கள் என்றார். சரியாகாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மருந்தெல்லாம் கிடையாது, வாசனையுள்ளதைத் தினமும் முகர்ந்து பாருங்கள், வந்தாலும் வரும் என்றார்கள் கிளினிக்கில். பாரிட் புந்தாரில் இருக்கும் மருமகன் திமோத்தி, மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக் தொட்டி ஒன்றை விளக்கோடு கொண்டுவந்து காலி அறையில் வைத்தான். பச்சை இலையைக் கசக்கினால் வாசம் தூக்கலாக இருக்கும் என்பது அவன் கணக்கு.

பெரியநாயகம் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். விதை வாங்கப் போவானேன், அடுப்படி டப்பாவில் இல்லாத விதையா? வெந்தயம் ஸ்பாஞ்சில் வைத்த மறுநாளே வால் விட்டது. கொத்தமல்லி முழுசாகப் போட்டால் அசையவேயில்லை. விதைமேல் போத்தலை உருட்டி இரண்டாகப் பிளந்து போட்டதும் வழிக்கு வந்தது. சீரகம் அழுகித் தொலைந்தது. சோம்பு போனால் போகிறதென்று எட்டிப் பார்த்தது. காலை ஜெபம் முடிந்ததும் ஒவ்வோர் இலையாகக் கிள்ளி, கசக்கி, மூக்கில் வைத்து இழுப்பார். வெறும் காற்று.

இதற்கிடையில் செடிக்கான உரம் தீர்ந்தது. மனைவி பியாட்ரிஸ் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள், தடுக்க ஆளில்லை. தோட்டத்தில் பிறந்த மூளை வேறெங்கே போகும்? மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினால் கறிவேப்பிலை எப்படித் தழைக்கும்! அதையே தொட்டிக்குள் ஊற்றி, அறைக்கதவைச் சாத்திவிட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வழக்கம்போல் முகர்ந்தார். வழக்கம்போல் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தார். சீச்சீ, எலி செத்திருக்கிறது! திட்டிக்கொண்டே அலமாரியை நகர்த்தியவர் பாதியில் நின்றார். நாறுகிறது. யாருக்கு? எனக்கு! தொட்டிமேல் குனிந்தார், குடலைப் புரட்டியது. இன்னொருதரம் குனிந்தார். வெந்தய இலையைக் கசக்கினார். அந்த நாற்றத்துக்கு அடியில் மெல்லிசாக, கசப்பாக, வெந்தயமேதான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அன்றைக்கென்று பியாட்ரிஸ் பையும் கையுமாக வந்து சேர்ந்தாள். வாசலிலேயே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

“என்னாங்க இது, வீட்டுக்குள்ள என்னா செத்துக் கெடக்கு? ஏன் அழுவுறீங்க?”

“நாறுது பியாட்ரிஸ். எனக்கு நாறுது.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், அதே மூச்சில் தொட்டியைத் தூக்கிக் கொட்டப் போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்லா.”

பியாட்ரிஸ் மூக்கிலிருந்து துப்பட்டாவை எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமட்டலோடு சிரிப்பும் வந்தது இருவருக்கும்.