வாத்துக்கு வைத்த தவிடும் நான் முறித்த விரதமும்

ஜப்பான்காரன் காலத்தில், ஒரு ஆடி மாதம், என் கணவர் முத்தையாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். மலாயாவின் கெடாவில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். லாரி ஜித்ரா பக்கம் திரும்பியதும் தூசி மட்டும் மிச்சம். நான் அந்தத் தூசியில் நின்றபடியே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அவர் வீடு திரும்பும் வரை உப்பில்லாத மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்க மாட்டேன் என்று.

அம்மனை நம்புகிற என் அக்கா தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் அடக்கமான பக்தை இல்லை. அம்மனோடு சண்டை போடுகிறவள். கோபம் வந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். அந்த வீம்புதான் என்னைக் கிட்டத்தட்டக் கொன்றது.

அப்போது எல்லோருக்கும் கிழங்குதான். ஆனால் மற்றவர்கள் கீரை பறித்தார்கள், ஓடையில் மீன் பிடித்தார்கள், எங்கேயாவது ஒரு பிடி அரிசி கிடைத்தால் கஞ்சி வைத்தார்கள். நான் எதையும் தொடவில்லை. கார்த்திகை வாக்கில் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. மார்கழியில் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நாலு எட்டு நடந்தால் நெஞ்சு படபடக்கும். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் எப்போதோ போய்விட்டார், மருந்து அறை பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்காவிடம் காலைக் காட்டினேன். விரதத்தை விட்டுவிடலாமா என்று வாய்விட்டே கேட்டேன். அவள் பயந்துபோனாள்.

"நேத்திக்கடன்னா சும்மாவாடி? பாதியில முறிச்சா ஆத்தா அங்க அவன் தலையில வச்சிருவா. ஒன் புருசன் உசுரு ஒன் வாயிலதான் இருக்கு, பாத்துக்க."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அடுத்த வாரமே பெண்டாங்கில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வயல் உண்டு, பிள்ளைகளாவது பிழைக்கும். அப்படி ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னைத் தவிர ஆளே இல்லாமல் போனது. வரிசையாகப் பூட்டிய கதவுகள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டு வாங்கக்கூட ஆளில்லாத தனிமையை நான் அப்போதுதான் பார்த்தேன். சில நாள் என் பெயரை நானே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று.

தை பிறந்தது. பொங்கல் இல்லை. அன்று காலை ஒவ்வொரு பால்மரமாகப் பிடித்துப் பிடித்துக் கோயிலுக்குப் போனேன். பூசாரியும் சயாமுக்குப் போயிருந்தார். விளக்கில் எண்ணெய் இல்லை. அம்மன் சேலை எலி கடித்துக் கிடந்தது. அவளும் என்னைப் போலத்தான் இருந்தாள். உட்கார்ந்து கத்தினேன்.

"ஒனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? ஒண்ணு எனக்குக் காலக் குடு, இல்ல என்னை எடுத்துக்க. ஆனா நேத்தியை முறிக்க மட்டும் சொல்லாத. அவரு வரணும்."

அழுது முடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். வீட்டு வாசலை எட்டும்போது மதியம் ஆகிவிட்டது. வாசலில் மாக் சோம் உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலாய்க் கிராமமான கம்பத்துப் பெண்மணி அவள். நல்ல காலத்தில் நான் சேர்த்து வைக்கும் விறகை வாங்க வருவாள், நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் அரைகுறை மலாயில்தான். அன்று கையில் ஒரு தட்டு. தவிட்டைக் கிளறித் தென்னஞ்சர்க்கரை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் நெல் குத்தும்போது உதிர்ந்த தவிடு, வாத்துக்கென்று எடுத்து வைத்தது. மார்கழியில் ஒரு நாள் விறகு கேட்டு வந்தபோது என் வீங்கிய காலைப் பார்த்திருக்கிறாள்.

"சாப்பிடு லா, அஞ்சலை. என் அம்மாவுக்கும் இதே மாதிரி வீங்கிச்சு. இதைத் தின்னுதான் எழுந்தாங்க," என்றாள்.

முடியாது என்றேன். விரதம், புருஷன், சாமி என்று எனக்குத் தெரிந்த மலாயில் என்னென்னவோ சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கோபம் வந்துவிட்டது. தட்டைத் தரையில் வைத்தாள்.

"நீ செத்துட்டா உன் புருஷன் யார்கிட்ட வருவான்? வேணாம்னா திருப்பிக் கொடு, என் வாத்தாவது தின்னும்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

தட்டோடு நான் மட்டும். எங்கள் வீட்டில் எது சமைத்தாலும் முதலில் சாமி மூலையில் வைத்து எடுப்பதுதான் பழக்கம். கை தன் போக்கில் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அம்மன் படத்தின் முன் வைத்துவிட்டது. கும்பிட்டேன். கும்பிட்ட பிறகுதான் சுருக்கென்று உறைத்தது. படைத்தாகிவிட்டது. இனி இது வாத்துத் தீனி இல்லை, பிரசாதம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எந்த விரதத்துக்கும் உரிமை இல்லை.

இருந்தாலும் தப்பிக்கப் பார்த்தேன். படைத்ததை நாலு வீட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். பூட்டிய கதவுகள்தான். கொடுக்க யாரும் இல்லை, கீழே கொட்டவும் கூடாது. இந்த உலகத்தில் அந்தத் தட்டுக்கு என் ஒரு வாய்தான் இருந்தது. இதற்காகத்தான் எல்லோரையும் அனுப்பிவிட்டாயா என்று அம்மனைக் கேட்டுவிட்டு, அழுதுகொண்டே தின்றேன்.

மறுநாள் மாக் சோம் மறுபடி வந்தாள். காலித் தட்டைப் பார்த்தாள், புதுத் தட்டை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டாள். தினமும் தவிடு வந்தது. மரவள்ளிக் கொழுந்தையும் பறித்து அவித்து, அம்மன் முன் வைத்து வைத்துச் சாப்பிட்டேன். சில நாளிலேயே வீக்கம் வடியத் தொடங்கியது. மாசிக்குள் தடியில்லாமல் நடந்தேன்.

சகோதரிகளே, கால் வந்தது, தூக்கம் போனது. ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் கன்னியம்மா அக்கா சொன்னது காதில் கேட்கும். நான் முறித்துவிட்டேன், அவருக்கு என்ன ஆகியிருக்குமோ. இதை யாரிடம் சொல்வது? போர் முடியும் வரை அந்தப் பயத்தோடு தனியாகக் குடித்தனம் நடத்தினேன்.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். நான் மீண்டும் கிடைத்த அந்தக் கால்களோடு அவரைத் தேடிச் சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்துக்கு நடப்பேன். ஒருநாள் எங்கள் தோட்டத்து வேலு இறங்கினான். என் கணவரோடு அதே லாரியில் போனவன். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அண்ணி... அண்ணன் வரமாட்டாரு. போன வருசமில்ல அண்ணி, நாங்க போன அந்த வருச ஐப்பசி மழையிலேயே. காலரா. நான்தான் மண்ணு தள்ளினேன்."

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐப்பசி. நான் தவிடு தின்றது தையில். நடுவில் கார்த்திகையும் மார்கழியும், உயிரோடு இல்லாத மனிதருக்காக நான் பட்டினி கிடந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. அம்மனுக்குத் தெரியும். அதனால்தான் அவளே பிடுங்கி எறிந்துவிட்டாள் என் விரதத்தை. அன்றைக்கு அழுத அழுகையில் துக்கம் பாதி, நன்றி பாதி.

பிறகு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு நர்ஸம்மா விளக்கினார். தவிட்டில் வைட்டமின் இருக்கிறதாம், அது குறைந்தால் நரம்பு மரத்து, கால் வீங்கி, இருதயம் நின்றுவிடுமாம். விஞ்ஞானத்தை நான் நம்புகிறேன். ஆனால் வாத்துக்கு வைத்ததை என் வாசலுக்குக் கொண்டுவந்தது யார் என்று அந்த அம்மாவால் சொல்ல முடியவில்லை.

கால், கணவர் என்று அம்மனிடம் இரண்டு கேட்டேன், ஒன்றுதான் கொடுத்தாள். இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு, அவளிடமே சொல்வேன். இருந்தும் அவளைத்தான் நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள். கைக்குத்தல் அரிசி சாப்பிடுங்கள், கீரையை விடாதீர்கள், உடம்பை வதைத்து வரம் கேட்காதீர்கள். வராத ஒருவருக்காக வயிற்றைக் காயப்போட்டுக் காத்திருக்கும் பெண் யாராவது இதைப் படித்தால், என் வீட்டுக்கு வாருங்கள். முதலில் ஒரு வாய் சாப்பிடுவோம். அப்புறம் அவளிடம் கேட்போம், இரண்டு பேராக.