சுத்தியலுக்குத் தொண்டை கட்டிய சனிக்கிழமை

நாங்கள் அவளைச் சுத்தியல் என்று கூப்பிடுவதைக் கேட்டால், ஓங்கி அடிக்கிற ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடச் சரியாகக் கேட்காது. பாலங்களைச் சோதிக்கிற பொறியாளர் அவள். கம்பிக்கூடையில் தொங்கிக்கொண்டு, பாலத்தின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். உள்ளே பிரிந்துபோயிருந்தால் பொத்தென்று கேட்கும். அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

நான் மருந்துக்கடையில் நிற்கிறவள். அதனால் என் பெயர் மாத்திரை. நாக்கு கசப்பு என்பதாலும்தான் என்று சொல்லித் திரிகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருக்கிற ஒரே ஓர் அறைக்குள் மட்டும் செல்லும். இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, ஐந்து நிமிஷம் முந்தி ஓடும் ஒரு கடிகாரம். மனசு தாங்காமல் போனவர்கள் அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம். சம்பளம் வாங்காத நாங்கள் சிலர் எடுத்துக் கேட்போம். கூப்பிடுகிறவர் பெயரைக் கேட்கக் கூடாது, எங்கள் பெயரைச் சொல்லக் கூடாது. கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. புதன்கிழமை மாலைகள் அவளுக்கும் எனக்கும்.

அவள் ஏன் வந்து சேர்ந்தாள் என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அவளோடு கூடையில் ஏறும் தொழிலாளி ஒருவர், நாள் முழுக்கச் சிரித்துப் பேசி வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனவர், மறுநாள் உயிரோடு இல்லை. “எட்டு மணி நேரம் பக்கத்துல நின்னேன்க்கா. கல்லுக்குள்ள இருக்கறது கேக்குது, அவருக்குள்ள இருந்தது எனக்குக் கேக்கல,” என்றாள். அந்த மாதமே இந்த மாடிப்படி ஏறிவிட்டாள். பதினோரு வருஷம் ஆகிறது.

எட்டு மாதமாகப் புதன்கிழமை ஆறரைக்கு ஒருவர் கூப்பிடுவார். புதன்காரர் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். மனைவி இறந்துபோய்த் தனியாக இருக்கிறவர். முதல் தடவை கூப்பிட்டபோது ஒரு முடிவோடுதான் கூப்பிட்டார். அன்றைக்கு இவள் இரண்டேகால் மணி நேரம் பேசி, அடுத்த புதன்வரைக்கும் ஒரு வாக்கு வாங்கினாள். அப்புறம் புதனுக்குப் புதன் அதே வாக்கு. மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை “கேக்குதுங்களா?” என்பார். இவளும் சலிக்காமல் “கேக்குது, சொல்லுங்க” என்பாள். அவள் ஒரு நாள் விடுப்பில் இருந்தபோது நான் எடுத்தேன். “கேக்குதுங்களா?” என்றவர், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அடுத்த வாரம் இவளிடம் சொன்னாராம், முன்பு ஆபீசில் ஆறுதல் சொல்ல வைத்திருந்த ஒருவரிடம் மனம் விட்டுப் பேசியதாகவும், மறுநாள் கேன்டீனில் அந்த ஆள் இவரைப் பார்த்து ஒரு மாதிரித் தலையாட்டியதாகவும். “அவ்ளோதான். அதுக்கப்புறம் அவர்கிட்ட ஒரு வார்த்தை வரல. உங்கள எனக்குத் தெரியாது, என்ன உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் நான் இன்னும் பேசிட்டிருக்கேன்.” பேசிட்டிருக்கேன் என்று அவர் சொன்னதை, உயிரோட இருக்கேன் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் அவள் படித்த பல்கலைக்கழகம் பழைய மாணவர்கள் ஆறு பேருக்குப் பதக்கம் கொடுக்கப் போவதாக அறிவித்தது. தொழிலிலும் சாதித்திருக்க வேண்டும், ஊருக்கும் உழைத்திருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டது அவளுடைய அண்ணன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அவள் பாடம் படித்ததே அந்தக் கடையில், காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில்தான். நாற்பத்தேழு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியாது. பாலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர், அதோடு விட்டிருக்கலாம். பதினோரு வருஷமாகப் புதன்கிழமை மாலைகளில் துன்பப்படுவோருக்குத் தொலைபேசியில் ஆறுதல் கூறி வருகிறார் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார். பெயர் சொல்லாத விதியெல்லாம் காற்றில் போனது. விழாப் புத்தகத்தில் அவள் பெயர், புகைப்படத்தோடு அந்த வரியும் அச்சாகி வந்துவிட்டது.

அவள் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஓடினாள். மேடையில் அந்த வரியைப் படிக்க மாட்டோம், ஆனால் புத்தகம் அச்சடித்தாயிற்று என்றார்கள். “யாரு அதைப் படிக்கப் போறா? விசிறிக்கத்தான் எடுப்பாங்க,” என்று நான் சமாதானம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒத்திகை, மூன்றரைக்கு விழா. அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு, வாடிக்கையாளர்கள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாவது வரிசையை அடைத்துவிட்டார். பதக்கம் வாங்குகிறவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேச வேண்டும். நாலு வாரமாகக் கடை மூடிய பிறகு கண்ணாடி முன்னால் நிற்க வைத்து அவளைப் பேசவிட்டுப் பழக்கியிருந்தார் மனுஷர். ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம்.

மற்றவர்கள் பேசிப் பார்த்து இறங்கினார்கள். அவள் மேடை ஏறி மைக் முன்னால் போய் நின்றாள். அப்போது மண்டபத்தின் கடைசியில், ஒலிப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து ஒருவர் தன்னுடைய மைக்கில் சொன்னார்:

“மேடம், ஒரு தடவ பேசுங்க. சத்தத்துக்கு அளவு வைக்கணும். நான் பேசறது மேல கேக்குதுங்களா?”

புதன்காரரின் குரல். அந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், அதுவும் ஒரே ஒரு வார்த்தை. அவளோ எட்டு மாதம் கேட்டவள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

“கேக்குதுங்களா?” என்றார் அவர் மறுபடியும். காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தார். அவள் மூச்சு விட்டால்கூட அவர் காதுக்குள்தான் போகும். அவருக்கு முன்னால் இருந்த மேசையில் அந்த விழாப் புத்தகம் கிடந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்க நேரமில்லை. தடதடவென்று மேடை ஏறினேன்.

“அவங்களுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பேச முடியாது,” என்று மைக் இல்லாமலே கத்தினேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். “யாருக்குத் தொண்டை கட்டிச்சு? வர்ற வழியெல்லாம் நல்லாத்தானே பேசிட்டு வந்தா?”

“நான் மருந்துக்கடைக்காரி. எனக்குத் தெரியாதா? உள்ள வீங்கியிருக்கு. இப்ப பேசினா ஒரு மாசத்துக்குக் குரல் வராது.”

வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் நான் சொன்னதில்லை. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நடிக்கவும் தெரியாத ஜென்மம், சட்டைப் பொத்தானைத் தேடுகிறவள் மாதிரி இருந்தது.

ஒலிக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து வந்தார். ஒல்லியான ஆள், தோளில் சுருட்டிய கேபிள், இஸ்திரி போடாத சட்டை. கையில் ஒரு டம்ளர் வெந்நீர். அவளிடம் நீட்டினார். “பேசாதீங்க மேடம். ரெஸ்ட் குடுங்க,” என்றார். அவள் வாங்கினாள். தலையாட்டக்கூடப் பயந்து, குனிந்தபடியே நின்றாள். கேன்டீன் கதை எனக்கும் ஞாபகம் வந்தது. ஒரு தலையாட்டலில் ஓர் ஆளை இழக்கலாம் என்று தெரிந்தவள் வேறென்ன செய்வாள்? அவர் ஒரு நொடி கூடுதலாக நின்ற மாதிரி எனக்குப் பட்டது. பிறகு திரும்பிப் போய்விட்டார்.

விழாவில் மற்ற ஐந்து பேரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அவளுடைய முறை வந்ததும், யாரும் கேட்காமலே அண்ணன் மேடைக்குப் போய், “என் தங்கச்சிக்காக நான் படிக்கறேன்,” என்று காகிதத்தைப் பிரித்தார். ஒரு சொல் பிசகாமல் படித்தார். பிசகுமா, நாலு வாரம் கேட்டவராயிற்றே. படித்து முடித்து இறங்கியிருந்தால் தீர்ந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நானா ரெண்டு வார்த்தை,” என்று ஆரம்பித்தார்.

மேடை நாற்காலியில் அவள் வெளிறிப்போனாள்.

“என் தங்கச்சி பாலத்த மட்டும் பாக்கறவ இல்ல. பதினோரு வருஷமா வாரா வாரம்…”

மைக் செத்துப்போனது. அண்ணன் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவர் மைக்கைத் தட்டினார், ஊதினார். பின்னால் ஒலிக்காரர் குனிந்து ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மைக் வருவதற்குள் பதக்கத்தைக் கொடுத்து, கை தட்டி, அண்ணனைத் தோளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவர் கொட்டித் தீர்த்தார். மைக்கைத் திட்டினார், மண்டபத்தைத் திட்டினார். கடைசியில் குரல் இறங்கிப்போய், “வணக்கம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பாப்பா. ஒம்பது பேரும் உன் குரலக் கேக்கத்தான் வந்தாங்க,” என்றார். கண் கலங்கியிருந்தது. அவளால் அப்போதும் வாயைத் திறக்க முடியவில்லை. தொண்டை கட்டியது பொய் என்றால், ஏன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது, இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. அண்ணன் ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் அவள் எப்படிக் கழித்தாளோ. எனக்கு இரண்டு தடவை மருந்து மாறிப்போய்த் திட்டு விழுந்தது. புதனன்று ஆறு மணிக்கு வர வேண்டியவள் ஐந்துக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“புத்தகத்தப் படிச்சிருப்பாராக்கா?”

“அவரு வேலை மும்முரத்துல இருந்தாரு. படிச்சிருக்க மாட்டாரு.”

“அந்த மைக்கு தானா போச்சா?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை ஆனது. ஆறே முக்கால் ஆனது. கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று நான் சொன்னேன். ஏழு ஆனபோது அதையும் சொல்ல முடியவில்லை. என் தொலைபேசி அடித்தது, யாரோ தப்பான எண். அந்த ஆளை நான் திட்டிய திட்டு இந்த அறையின் விதிகளில் சேராது.

“எங்கிட்ட அவரோட நம்பர்கூட இல்லக்கா,” என்றாள். “வீடு தெரியாது. அடுத்த புதன்வரைக்கும்னு வாக்கு குடுத்தாரு. அந்தப் புதன் இன்னைக்குத்தான்.” அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ஏழு பத்துக்கு அவள் தொலைபேசி அடித்தது. கை நீட்டியவள் என்னைப் பார்த்தாள். கஷ்டமான அழைப்பென்றால் பக்கத்து ஆள் இரண்டாவது ரிசீவரை எடுத்துக்கொள்ளலாம், அது எங்கள் வழக்கம். எடுத்தேன்.

“கேக்குதுங்களா?”

“கேக்குது. சொல்லுங்க.”

ஒரு பேருந்து போகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் கேட்டார்:

“தொண்டை இப்ப பரவாயில்லையா?”

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“கூப்பிட வேணாம்னுதான் இருந்தேன்,” என்றார். “புத்தகத்துல அந்தப் புதன்கிழமை வரியப் படிச்சேன். நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே வார்த்தை வராதுன்னு நெனச்சேன். நாப்பது நிமிஷமா போனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அன்னைக்கு உங்க அண்ணன் பேசினப்ப மைக்க நான்தான் அணைச்சேன். பாவம், அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், கேக்கவும் முடியாது.” மறுபடி பேருந்துச் சத்தம். “எனக்காக ஒருத்தங்க இத்தன பேருக்கு முன்னாடி ஊமையா நின்னாங்களேன்னு நெனச்சேன். அப்புறம் போன எடுத்துட்டேன். கேக்குதுங்களா?”

இதற்குமேல் நான் கேட்கக் கூடாது. ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கேக்குது,” என்றாள். “சொல்லுங்க.”