விழுந்தான் என்று சொல்லாதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறவர்களுக்கு ஆங்கில வினைச்சொல் சொல்லிக்கொடுப்பது என்ன வேலை என்று, அதைச் செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் அதைச் செய்கிறேன். துவாஸ் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் என் மாணவர்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம். பலகையைப் பார்த்தே பேசிவிடுவேன்.

ஆல்ரெடி

எந்த வினைச்சொல்லுக்கும் மூன்று வடிவம் உண்டு என்று நான் ஆரம்பித்தாலே பாலாவுக்குச் சிரிப்பு வரும். கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டுகிறவர். அவரோடு அதே தளத்தில் வேலை செய்யும் செல்வராசு சிரிக்கமாட்டார். பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலைக்கு அவருக்கு நேர்காணல் வரவிருந்தது. கிடைத்தால் இனி சாரத்தில் ஏற வேண்டாம். ஊரில் மனைவி கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

நேர்காணலில், நேரில் பார்த்த ஒரு விபத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்களாம். அதற்காகத்தான் இறந்தகாலம் என்றேன். பாலா கையைத் தூக்கினார்.

“கோ ஆல்ரெடி, ஈட் ஆல்ரெடி. எங்க பாஸே அப்படித்தான் பேசுறாரு லா. நீங்க எதுக்கு டீச்சர் மூணு மூணா சுமக்கச் சொல்றீங்க?”

சத்தமில்லாத வகுப்பு

அன்று ‘ஃபால், ஃபெல், ஃபாலன்’ என்று எழுதினேன். ‘ஃபெல்’ வர வேண்டிய இடத்தில் ‘ஃபெல்ட்’ என்பார்கள். அது உணர்ந்தான் என்றாகிவிடும். ‘ஹேஸ் ஃபாலன்’ என்பதற்கு ‘ஹேஸ் ஃபெல்’ என்பார்கள். உங்கள் வகுப்பிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

வழக்கமாக நான் சொன்னதும் எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழம்பிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். பாலா எழுந்து நின்றார். முகத்தில் கிண்டல் இல்லை.

“டீச்சர், விடிஞ்சா எல்லாரும் மேல ஏறணும். வேற வெர்ப் போடுங்க.”

இறங்கிட்டான்

வகுப்பு முடிந்ததும் செல்வராசுவுக்கு நேர்காணல் பயிற்சி. நான்தான் அதிகாரி. என்ன பார்த்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “ஒன் மேன் கம் டவுன்” என்றார். ஏணியிலா என்றேன். “நோ லேடர்” என்றார்.

பிறகு தமிழில் விளக்கினார். சாரத்தில் வேலை செய்கிறவர்கள் அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டார்களாம். ‘இறங்கிட்டான்’ என்றால் எல்லோருக்கும் புரியுமாம். அந்த அதிகாரிக்குப் புரியாதே, பத்திரமாக இறங்கியதாகத்தான் எழுதிக்கொள்வார் என்றேன். அவர் மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அவன் பேரு குமரேசன், டீச்சர். எனக்கு மேல் கட்டில். அந்த வார்த்தையச் சொன்னா இன்னொரு தடவ நடக்குற மாதிரி இருக்கு.”

நேர்காணல்

அடுத்த வாரம், நேர்காணலை முடித்துவிட்டு, செல்வராசு எல்லோருக்கும் முன்பே வகுப்புக்கு வந்துவிட்டார். கேள்வி கேட்டவர் ஒரு சீனப் பெண்மணியாம். எதிர்பார்த்த கேள்விதான். சொன்னீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

“நாற்காலிய கெட்டியா பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். ‘ஹி ஃபெல்’. ‘ஃபெல்ட்’ இல்ல டீச்சர். அந்தம்மா எழுதறத நிறுத்திட்டு, முதல்ல தண்ணி குடிங்கன்னாங்க.”

முதல் நாள்

வேலை கிடைத்தது. அதில் ஒரு சிக்கல் இருப்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தினமும் காலையில், ஏறப்போகிறவர்கள் முன்னால் நின்று அன்றைய ஆபத்துகளைச் சொல்ல வேண்டியது மேற்பார்வையாளர்தான். அந்தச் சொல்லைச் சொல்லாதவர்கள் முன்னால், அவர்கள் ஏறப்போகும் நேரத்தில்.

முதல் நாளே செல்வராசு தமிழில் சொல்லியிருக்கிறார்: “பெல்ட்டுக் கொக்கிய மாட்டல. குமரேசன் விழுந்துட்டான்.” காலங்காத்தால வாயக் கழுவுடா என்று பாலா கத்தினாராம். மற்றவர்கள் தரையைப் பார்த்தபடி கலைந்தார்களாம். அப்புறம் என்றேன், முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து.

“யாரும் எங்கிட்டப் பேசல டீச்சர். பாலா ஏசிக்கிட்டேதான் ஏறுனான். ஆனா மேல போனதும், அவனும் சேத்து எல்லாருமே கொக்கிய இழுத்து இழுத்துப் பாத்தாங்க.”

இன்றுவரை என் வகுப்பில் அந்த மூன்று வடிவங்களையும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எழுதச் சொன்னால் ஒருவரும் தவறுவதுமில்லை. ஆங்கில ஆசிரியைக்கு இப்படியும் ஒரு தேர்ச்சி வாய்க்கிறது.