நைனா தூக்கிய கொடி

எங்கள் நைனா கையைத் தூக்கினால் இருபத்திரண்டு பேர் ஓடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நிற்பார்கள். இதை நான் திருத்தணியில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் நைனா கையைத் தூக்கினால் டவுன் பஸ்கூட நிற்காது.

அவர் ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். நான்கு அண்ணன் தம்பிகளில் கடைசி. வீட்டில் எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் அவருக்குச் சொல்வார்கள்; சில சமயம் சொல்லவும் மறந்துவிடுவார்கள். யாரோ ஒரு ஏஜெண்ட் மூலமாக நார்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் வேலை கிடைத்தது. அவர் விமானம் ஏறியதையே பெரியப்பா ஒருவர் மறுநாள்தான் கவனித்தார் என்று அம்மா சொல்வாள்.

அவர் போய் மூன்று வருஷம் கழித்து, எனக்குப் பத்து வயதானபோது, முழுப்பரீட்சை லீவுக்கு அம்மாவையும் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். ஏப்ரல் மாத வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும் ஊரிலிருந்து கிளம்பினோம். அங்கே இறங்கியதும் கோடைக்காலம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் கொடுத்தார்கள்.

கடலோரத்தில் நூறு வீடு, ஒரு தொழிற்சாலை, ஒரு கடை. நாங்கள் போய்ச் சில வாரங்களில் சூரியன் மறைவதையே நிறுத்திவிட்டது. அம்மாவுக்கு இதில் பெரிய சங்கடம். பொழுது சாய்ந்ததும் விளக்கு வைக்க வேண்டும், பொழுது சாய்ந்தால்தானே? இரண்டு நாள் ஜன்னலோரம் தீப்பெட்டியோடு காத்திருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் திருத்தணியில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, "அங்க விளக்கு வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். வைத்தாயிற்று என்றதும் இங்கேயும் ஏற்றினாள். அப்போது எங்களுக்கு மத்தியானம் மூன்று மணி. அதிலிருந்து தினமும் மூன்று மணிக்கு, கண் கூசும் வெயிலில், எங்கள் வீட்டில் அந்தி வந்தது.

அந்த ஊருக்கு ஒரு ஃபுட்பால் அணி இருந்தது. கேப்டன் பஸ் ஓட்டுகிறவர். கோல்கீப்பர் ரொட்டிக் கடைக்காரர். மற்றவர்கள் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறவர்கள். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை. முதல் தடவை பார்த்ததும் அம்மா, "ஆடிக் கிருத்திகைக்கு மலையேற வந்தவங்க மாதிரி இருக்காங்க" என்றாள். அன்றே அவர்கள்மேல் அவளுக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. நைனா அங்கே போன நாளிலிருந்து அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நைனாவுக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. ஆனால் அந்த மாதிரி சின்ன ஆட்டங்களில் நடுவர் ஒருவர்தான் வருவார். பக்கக் கோட்டில் கொடி பிடிக்க இரண்டு அணியும் ஆளுக்கு ஒருவரைத் தர வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்பதால் அதற்கு யாரும் முன்வர மாட்டார்கள். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் எங்கள் நைனா கையில் அந்தக் கொடி வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அந்தக் கொடியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். அங்கே சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையசைக்கும். எனக்கு அது மரியாதைக்குறைவாகப் பட்டது. நைனாவோ முகமெல்லாம் பல்லாகத் திருப்பிக் கையசைப்பார்.

ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பா, மிளகு டப்பா, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் ஆட்களாக நிற்கவைத்தார். "பந்த உதைக்கிற நேரத்துல நம்மாளுக்கு முன்னால கோல்கீப்பர் மட்டும் நின்னா தப்பு. கூட இன்னொருத்தனாவது நிக்கணும். நின்னா கோல் செல்லும். அவ்ளோதான் கண்ணு."

அம்மா அங்கே வந்தது ஃபுட்பால் பார்க்க அல்ல. அவரைத் திரும்ப ஊருக்குக் கூட்டிப்போகத்தான். தினமும் ஒரு தடவையாவது கேட்பாள். ஒருநாள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "எப்பத்தாங்க ஊருக்கு வந்து சேர்றதா உத்தேசம்?" என்றாள்.

"நம்ம டீம் ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும்மே. மறுநாளே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் வைத்திருந்த திருத்தணி முருகன் படத்தைக் காட்டினாள். "இத என்னாண்ட சொல்லாதீங்க. அங்க வந்து சொல்லுங்க."

நைனா சிரித்துக்கொண்டே போய்ப் படத்துக்கு முன்னால் நின்று இன்னொரு தரம் சொன்னார். அவர் நகர்ந்ததும் அம்மா அதே இடத்தில் நின்றாள். "முருகா, இவங்க ஜெயிச்சிட்டா என் முடிய உனக்குக் குடுத்துடறேன்." நைனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் முடி இடுப்பைத் தாண்டி வரும். எங்கள் தெருவில் கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னும்போது உதாரணத்துக்குச் சொல்லும் முடி அது.

அன்றிலிருந்து அந்த அணிக்கு அம்மாவைப் போல ஒரு ரசிகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எலுமிச்சம்பழ சாதம் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். கோல்கீப்பருக்கு விபூதிப் பொட்டலம் கொடுத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்து, பந்து வழுக்காமல் இருக்கத் தருகிறாள் என்று நினைத்து இரண்டு கையுறையிலும் அப்பிக்கொண்டார். ஆறு கோலில் தோற்றோம். அடுத்த ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. மூன்று வருஷத்தில் அதுவே பெரிய முன்னேற்றம் என்று ஊரே பேசிக்கொண்டது. நைனா மட்டும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அணிமேல் இவருக்கு எவ்வளவு பாசம், ஜெயிக்கவில்லை என்று எவ்வளவு வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்னால் கடைசி ஆட்டம். அம்மா மைதானத்துக்குச் சீக்கிரமே போய், நம் பக்கத்துக் கோல் கம்பங்கள் இரண்டிலும் மஞ்சள் பூசி மூன்று மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். ஆயுதபூஜைக்குத் தறிக்கு வைப்பதுபோலத்தான். பலன் கைமேல் தெரிந்தது. எதிரணி அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று, ஒருமுறை அல்ல, இருமுறை. அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

இடைவேளை முடிந்ததும்தான் வினை வந்தது. இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொண்டன. ஃபுட்பாலில் அப்படி ஒரு வழக்கம் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. மஞ்சள் குங்குமம் வைத்த கம்பங்களுக்கு நடுவில் எதிரணியின் கோல்கீப்பர் போய் நின்றார். நம்மவர்கள் அடித்த பந்தும் கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

"அடக் கடவுளே, முருகன் அவங்களுக்குக் காவல் காத்துகினு இருக்காரே" என்று சொல்லிக்கொண்டே அம்மா முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு கம்பத்தைத் துடைத்துவிட்டாள். இரண்டாவதற்குப் போவதற்குள் நடுவர் விசிலடித்து அவளை வெளியே அனுப்பினார். நைனா கொடியோடு அந்தப் பாதி மைதானத்தின் ஓரத்தில்தான் நின்றிருந்தார். மனைவி யாரோ எவரோ என்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நடுவிலிருந்து யாரோ உயரமாக ஒரு பந்தை உதைத்தார்கள். அப்போது எதிரணியின் ஒரு ஆள், அம்மா துடைத்த கம்பத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனை நன்றாகப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பையன்மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு கட்டினான். மற்றவர்களுக்கெல்லாம் முன்னால் நின்றிருந்த பஸ் டிரைவர் கேப்டன் ஓடிப்போய்ப் பந்தை வாங்கி உள்ளே தள்ளினார். அம்மா துடைத்த கம்பத்தை ஒட்டியே பந்து உள்ளே போயிற்று.

ஊரே குதித்தது. ஊரே என்றால் நாற்பது பேர். அம்மா முன்பின் தெரியாத ஒரு பெண்மணியைக் கட்டிக்கொண்டாள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். எல்லோரும் குதித்து முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் அவர் கை மெதுவாக மேலே போயிற்று. இஸ்திரி போட்ட கொடி காற்றில் படபடத்தது. இருபத்திரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

ஆஃப்சைடு. கோல் செல்லாது. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. தன் அணிக்கு எதிராகவே கொடி தூக்குகிறவன் பொய்யா சொல்வான்? ஆட்டம் முடிந்ததும் ரொட்டிக் கடைக்காரர் வந்து நைனாவின் தோளில் கைபோட்டு, அந்த ஊரிலேயே நேர்மையான ஆள் இவர்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நைனா தரையைப் பார்த்துக்கொண்டு கொடியைச் சுருட்டினார். தறியில் நெய்து சுருட்டுகிற சேலையைப்போல அவ்வளவு நிதானமாகச் சுருட்டினார்.

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அணி ஜெயிக்காத துக்கம் என்று நினைத்தேன். ஏர்போர்ட்டில் மட்டும், "உடம்பப் பாத்துக்கங்க" என்றாள்.

ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் நைனாவின் கொடியைப் பற்றி எழுதினேன். டீச்சர் காலை வழிபாட்டில் அதைப் படிக்கவைத்துக் கைதட்டச் சொன்னார். நைனா திரும்பி வர மேலும் ஆறு வருஷம் ஆயிற்று. இப்போது நினைத்தால் அவர்மேல் கோபம் வருகிறது. கூடவே, கை தூக்கினால் நிற்கிற ஒரு ஊரைவிட்டு டவுன் பஸ்கூட நிற்காத ஊருக்கு வரச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும் என்றும் தோன்றுகிறது.

கட்டுரைக்குக் கைதட்டு வாங்கிய வாரம், செவ்வாய்க்கிழமை, அம்மா என்னைச் சரவணப்பொய்கைக்குக் கூட்டிப்போனாள். நேராக முடியெடுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து குனிந்துகொண்டாள். அத்தனை முடியும் கீழே விழுவதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். குளித்து, தலையில் சந்தனம் பூசி, முந்நூற்றறுபத்தைந்து படியும் ஏறி, சாமி பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "அவங்கதான் ஜெயிக்கலியேம்மா?"

"சாமி குடுத்துட்டாரு பாப்பா. உங்க நைனா வாங்கிக்கல. அதுக்கு சாமி இன்னா பண்ணுவாரு?"

அம்மாவுக்கு விதி தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. கையில் இருந்த பிரசாதப் பையைப் படியில் வைத்து, தேங்காய் மூடியைக் கோல்கீப்பராகவும் வாழைப்பழத்தைக் கேப்டனாகவும் நிற்கவைத்து, நைனா சொல்லிக்கொடுத்தபடியே விளக்கினேன். அம்மா குனிந்து கவனமாகக் கேட்டாள். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கம்பத்தாண்ட ஒருத்தன் குனிஞ்சி ஷூ கயிறு கட்டிகினு இருந்தானே. அவன் இன்னொருத்தன் இல்லியா?"

"அவன் கயிறுதானம்மா கட்டிகினு இருந்தான். ஆடவே இல்லியே. அவன் எப்படி சேத்தியாவான்?"

குனிந்திருந்தாலும் ஆள் ஆள்தான், அவன் நின்றதால் அந்தக் கோல் செல்லும் என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருஷம் இருந்தது. அம்மா சந்தனம் காய்ந்த தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, "ஆங், சேத்தி இல்லியா. சரி" என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அம்மாவுக்கு ஆஃப்சைடு புரியவில்லையே என்று கடைசிப் படிவரைக்கும் எனக்கு வருத்தமாக இருந்தது.