தாமதமாக வந்த சைகை

கப்ரோவோவில் எங்கள் பின்னலாடைப் பட்டறையில் இருந்த இரண்டு மெஷின்களில் ஒன்று மார்ச் மாதம் நின்றுபோனது. ஊசிகளுக்கு உத்தரவு கொடுக்கும் சிப் செத்துவிட்டது. அதைச் செய்த தொழிற்சாலையை மூடி முப்பது வருஷமாகிறது. பக்கத்து நகரமான தர்னோவோவில் நெதியால்கா என்பவர் இப்படிப்பட்ட சிப்புகளுக்கு மாற்று செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிவந்தேன்.

அறுபத்தாறு வயது. எந்தப் பழைய சிப்பைப் போலவும் நடந்துகொள்ளும்படி எழுதி வைக்கக்கூடிய புதிய சிப் ஒன்றைச் சிறு பலகையில் பொருத்தி, பழைய சாக்கெட்டிலேயே செருகிவிடுவார். எங்கள் மெஷினைத் திறந்ததும் உள்ளே இருந்த போர்டின் மேல் விரலை ஓட்டினார்.

"இந்த போர்டை வரைஞ்சது நான்தான் கான்ச்சோ. எண்பத்தேழுல, அந்தத் தொழிற்சாலைல இருந்தப்ப."

"வரைஞ்சவங்களே ரிப்பேர் பாத்தா கூலி கிடையாதுல்ல அக்கா?"

"கப்ரோவோக் கஞ்சன் பேச்சு. அடுப்புச் சூடு வெளிய போகாம கதவு சட்டுனு சாத்தணும்னு பூனை வாலை நறுக்கின ஊராச்சே."

தொழிற்சாலையின் பழைய வரைபடத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே புதிய சிப்புக்கு எழுதினார். பத்து நாளில் பலகை வந்தது. மெஷின் ஓடியது. ஆனால் ஊசிகளின் மேல் இப்படியும் அப்படியும் ஓடும் வண்டி இடது ஓரத்தில் திரும்பும்போதெல்லாம் ஒரு ஊசி இழையை விட்டது. துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு பிரிந்துகொண்டே வந்தது. மூன்று முறை எழுதிப் பார்த்தும் அதே கோடு.

கடைசியில், ஓடிக்கொண்டிருந்த இன்னொரு மெஷினில் அளவுக்கருவியை மாட்டினார். இரண்டு மெஷின்களுமே தொழிற்சாலை அனுப்பிய முதல் தொகுதியில் வந்தவை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதுல சிப் ஊசிக்குக் குடுக்கற சைகை மட்டும் கொஞ்சம் தாமதமா வருது."

"அது கோளாறா?"

"கோளாறுன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அந்தச் சிப்பை வடிவமைத்தவன் ஓக்னியான். தொழிற்சாலையில் நெதியால்காவுக்குப் பக்கத்து மேஜை. முதல் தொகுதி வெளியே போன பிறகு, 'தோழர் ஓக்னியானின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் நெதியால்கா. ஓக்னியானைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சிப்பைத் திருத்தினார்கள். இப்போது நெதியால்கா கையில் இருந்த வரைபடம் அந்தத் திருத்திய சிப்புடையது. இரண்டாவது குளிர்காலத்தில், கிடங்கை ஒட்டிய அறையில் அடுப்புப் புகை மூட்டி ஓக்னியான் இறந்துகிடந்தான். விபத்தா வேறேதுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"போர்டுல ஒரு கம்பித்தடத்தைச் சுத்துவழியா கொண்டுபோயிருக்கேன். வண்டி திரும்பிடுச்சுங்கற சைகை அதனால லேட்டா வருது. அவன் அதுக்கு ஏத்த மாதிரி தன் சிப்போட சைகையைக் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கான். தப்பு என்னோடது. சிப்பைத் திருத்தினப்புறம் போன மெஷின்லாம் இழை விடுதுன்னு புகார் வந்துச்சு. ஊசி சரியில்லன்னு சொல்லிட்டோம்."

"அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"ஒருநாள் காகிதச் சுருளோட மேஜைக்கிட்ட வந்து நின்னான். வேலையா இருக்கேன், வச்சிட்டுப் போன்னேன். வைக்காமலே போயிட்டான்."

கம்பித்தடத்தை வெட்டி நேர்வழியில் இழுத்துவிடலாமே என்றேன். தலையசைத்து மறுத்தார். அந்தத் தாமதத்தை அப்படியே புதிய சிப்பில் எழுதினார். துணி சுத்தமாக வந்தது. ஆனால் அவர் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் அவன் நின்னு நின்னு போறது கேக்குது."

நொடியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. யார் காதுக்கும் எட்டாது. ஆனாலும் அதற்குப் பிறகு நானும் இடது ஓரத்தில் வண்டி திரும்பும்போது கையிலிருப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் அவரைப் பக்கத்து ஊரான ட்ரியானோவோவுக்குக் காரில் அழைத்துப்போனேன். ஓக்னியானின் அக்கா பென்கா அங்கே இருந்தார். வெளிக்கதவில் தம்பியின் படத்தோடு நினைவு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வருஷாவருஷம் புதிதாக ஒட்டுவாராம்.

பென்கா காபி வைத்தார். நெதியால்கா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

"அவன் உன்னைத் திட்டி நான் கேட்டதில்ல. திட்டினதெல்லாம் நானும் அம்மாவும்தான்," என்றார் பிறகு. "இப்ப வாயால சொன்னா ஆச்சா? அன்னைக்கு எழுதித்தானே குடுத்தே?"

காகிதமும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நெதியால்கா எழுதினார். தப்பு யாருடையது, எந்தத் தடம், எந்த வருஷம், எல்லாம். கீழே முழுப்பெயரோடு கையெழுத்துப் போட்டார். பென்கா அதை இரண்டு முறை படித்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெளிக்கதவில் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

நூல் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். தாள் அங்கேயே இருக்கிறது. நெதியால்கா போன் செய்தால் மெஷினைப் பற்றிக் கேட்பதில்லை.

"யாராவது நின்னு படிச்சாங்களா?"

"தபால்காரர் நின்னு படிச்சுக்கிட்டிருந்தார் அக்கா. முழுசா."

"என்ன சொன்னார்?"

"தொப்பியைக் கழட்டிட்டு இன்னொரு தடவை படிச்சார்."