மாமியின் வயது

ஸ்கூட்டி வாங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. உப்புவெளியிலிருந்து பட்டினத்துக்கு நான் ஓட்டிப் போன முதல் நாள் அது. பின்னால் என் கணவரின் தங்கச்சி, மச்சாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கத்தினாள். நானும் சேர்ந்து கத்தினேன். ஓட்டோக்காரர் ஒருவர் பயந்து ஓரம் கட்டி எங்களைப் போக விட்டார்.

சந்தைக்கென்றுதான் வெளிக்கிட்டோம். கடற்கரைப் பக்கம் வந்ததும் மச்சாள் என் தோளில் தட்டினாள்.

"சுனாமித் தூபிக்கு விடுங்கோ."

அவளுடைய அம்மாவை அந்தக் கடல்தான் கொண்டு போனது. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது பிறகு. மாமியைப் படத்தில் மட்டும்தான் தெரியும். மச்சாள் ஒருநாளும் அந்தத் தூபிக்குப் போனதில்லை.

"இண்டைக்கு ஏன்?"

"சிரிச்சுச் சிரிச்சு மனம் லேசாக் கிடக்கு. இப்ப விட்டா பிறகு ஏலாது."

கல்லில் பெயர்கள் நிறைய. அவளுடைய விரல் மெதுவாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அணைத்தேன். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வயசைப் பாருங்கோ. முப்பத்தெட்டாம்! அம்மாவுக்கு நாற்பத்தைஞ்சு. ஆர் கேட்டாலும் குறைச்சுத்தான் சொல்லுவா."

"அப்ப இதை ஆர் குடுத்தது?"

"நான்தான். முகாமில காணாமப் போன ஆக்களைப் பதிய வந்து கேட்டவை. அம்மா திரும்பி வருவா எண்டு நினைச்சன். உண்மை வயசைச் சொன்னா வந்து ஏசுவா எண்டு பயத்தில குறைச்சுச் சொன்னனான்." மூச்சு வாங்கினாள். "எனக்கு இப்ப முப்பத்தொன்பது. நான் அம்மாவுக்கு அக்கா!"

அவ்வளவுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. குடையோடு நின்ற ஓர் அம்மா எங்களை முறைத்துப் பார்த்தார். மச்சாள் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்து வந்து, கல்லைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"ஆள் வடிவோ?"

"ஓம், நல்ல வடிவு. வயசே தெரியாது."

"அப்ப அது சரியான வயசுதான்," என்றார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மச்சாள் சாவியைப் பறித்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் நான் பின்னால் ஏறினேன். மணலில் கொஞ்சத் தூரம் நெளிந்து போய், அலைக்குக் கிட்ட ஸ்கூட்டியோடு மெதுவாகச் சரிந்தோம். ஒருவரை ஒருவர் தூக்கிவிடப் போய் மறுபடியும் விழுந்தோம்.